மெசினுக்குச் சுமந்த தண்ணீர்

போன கிழமை ஹோட்டலில் துணி துவைக்கிற லோன்றிக்கு உங்களைப் பார்க்க வந்தபோது நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். வீட்டுக்கு எந்த வோஷிங் மெசின் வாங்கினால் நல்லது? நான் பதில் சொல்லாமல் பிளேன்டித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். படியிறங்கும்போது உங்களில் ஒருத்தி, "வேலைய விட்டதும் மருதாயக்காவுக்கு மிடுக்கு கூடிப்போச்சு" என்று சொன்னது காதில் விழுந்தது. மிடுக்கு இல்லை, பிள்ளைகளே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். எழுதுவது அதைவிட மெதுவு. ஆனாலும் இதை வாயால் சொன்னால் நடுவில் எங்காவது சிரித்து மழுப்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் மெதுவாக வாசியுங்கள்.

நான் அந்த ஹோட்டல் லோன்றியில் தலை நரைக்கும் வரை நின்றவள் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே மெசின் பட்டன்களில் எல்லாம் இங்கிலீஷ். எனக்கு அது எறும்பு ஊர்வது மாதிரி. அதனால் நுவரெலியா டவுனில் ஒட்டுப்பொட்டு வாங்கி வந்து பட்டன்களுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். படுக்கை விரிப்புக்குச் சிவப்பு, துவாய்க்குப் பச்சை, தொடவே கூடாததற்குக் கறுப்பு. "மெசினுக்கு மருதாயி தாலியும் கட்டிருவா போல" என்று குசினியில் சமைக்கிற ஆட்கள் கேலி பண்ணுவார்கள். ஆனால் படித்த பிள்ளைகள் வேலைக்கு வந்தபோதும் அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் அமுக்கினார்கள். இன்றைக்கும் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

அந்தப் பெருமை சாதாரணப் பெருமை இல்லை. டயகமப் பக்கம் எங்கள் தோட்டத்தில் என் வயதுப் பெண்கள் எல்லாம் இடுப்பில் முரட்டுப் படங்குத் துணி கட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்க மலை ஏறினார்கள். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஹோட்டலிலேயே தங்கல். லீவு கிடைத்தால் மட்டும் லயத்து வரிசை வீட்டுக்கு வருவேன். வந்தால் விருந்தாளி மாதிரி. பக்கத்து வீட்டு லெட்சுமி என் குடத்தையும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள். "நீங்க ஏன்க்கா பைப்படியில போயி நிக்கிறீங்க" என்பாள். வேலையை விட்டு லயத்துக்கே வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. தண்ணீர் என்பது என் வாசலில் நிறைகுடமாக இருக்கிற ஒரு பொருள். அது எங்கிருந்து வருகிறது, எந்த நேரம் வருகிறது, அதற்காக யார் யாரோடு சண்டை பிடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

லெட்சுமியின் புருசன் ராமையா தோட்டத்துப் பேக்டரியில் வேலை செய்தவர். ஒரு நாள் வேலை முடிந்து வந்து முன் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தவருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அதிலிருந்து படுக்கைதான். வாய் மட்டும் ஓயவில்லை. மெதுவாகப் பேசுவார், ஆனால் கேலி குறையாது. லெட்சுமி அவருடைய விரிப்பையும் கம்பளியையும் தினமும் மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குக் கொண்டுபோய்த் துவைத்தாள். எங்கள் ஊர்ப் பீலித் தண்ணீர் எப்படிக் குளிரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, மிளகாய் பட்டால் அழுவாள்.

அவர்கள் மகன் சசிக்குக் கொழும்பில் ஒரு பேக்கரியில் வேலை. ஒரே பிள்ளை. அம்மாவின் கையை வீடியோ கோலில் பார்த்துவிட்டு அவன்தான் சொன்னான், மெசின் ஒன்று வாங்கிவிடுங்கள் என்று. லெட்சுமி நேராக என்னிடம் வந்தாள்.

"எனக்கு அதுல ஒண்ணும் வெளங்காதுக்கா. நீங்க மெசின்லயே இருந்தவங்க. நீங்க கைய நீட்டுறத வாங்கிக்கிறேன்."

தீபாவளிக்கு முந்தின நாட்கள். ஹட்டன் டவுனில் கால் வைக்க இடமில்லை. லெட்சுமி கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். நான் ஹோட்டலில் கொடுத்த சுவெட்டரைப் போட்டுக்கொண்டு போனேன். கடையில் டை கட்டின ஓர் இளைஞன் வந்தான்.

"எந்தப் பக்கம்மா?"

"டயகம."

"டவுனா, தோட்டமா?"

"தோட்டம்."

உடனே எங்களைக் கடையின் பின்பக்கம் கூட்டிப் போனான். அங்கே பிளாஸ்டிக்கில் இரண்டு குழி வைத்த மெசின்கள் நின்றன. ஒரு குழியில் துவைக்கும், மற்றக் குழியில் பிழியும். துணியை நாம்தான் மாற்றிப் போட வேண்டும்.

"தோட்டத்துக்குன்னா இதுதான் போகும்மா. வாளியில தண்ணி ஊத்திக்கலாம், பைப்பு வேணும்னு இல்ல. நாங்க இத லயத்து மெசின்னுதான் சொல்றது."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் அந்தக் கடையில் அன்றைக்கு எங்களுக்கு நல்லது சொன்ன ஒரே ஆள் அவன்தான். ஆனால் அந்தச் சொல் எனக்கு நெற்றியில் சுட்டது. ஹோட்டலில் என்னை யாரும் லயத்து ஆள் என்று சொன்னதில்லை. சொல்ல விட்டதுமில்லை.

"ஏன் தம்பி, லயத்து ஆளுன்னா சாகுற வரைக்கும் வாளியத்தான் தூக்கணுமா?"

"அப்பிடி இல்லம்மா..."

"முன்னுக்குக் கண்ணாடிக் கதவு போட்டு வச்சிருக்கியே, அது யாருக்கு? தொரை பங்களாவுக்கா?"

கடையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரைஸ் குக்கர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "நல்லாக் கேளுங்கக்கா" என்றாள். எனக்கு இன்னும் ஏறிவிட்டது. லெட்சுமி என் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, இதுவே போதும் போல இருக்கே. கையால ஊத்துனா நம்ம இஷ்டத்துக்கு ஊத்திக்கலாம்..."

"நீ சும்மா இரு புள்ள. எனக்குத் தெரியாதா?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடிக் கதவு மெசின் முன்னால் நின்று நான் ஒரு விரிவுரையே செய்தேன். கதவைத் திறந்து காட்டினேன். டிரம்முக்குள் கையை விட்டுச் சுற்றிக் காட்டினேன். அந்த இளைஞன் கடைசியாக ஒன்று கேட்டான்.

"வீட்டுல பைப்பு இருக்காம்மா?"

"இருக்கு" என்றேன்.

அது பொய் இல்லை. எங்கள் லயத்தில் வீட்டுப் பைப்பு என்றால் வாசலுக்கு எதிரே கழிவுக் கான் ஓரமாக நிற்கிற பைப்புதான். லயம் முழுவதுக்கும் அது ஒன்றுதான். அவன் சுவருக்குள் இருக்கிற பைப்பைக் கேட்டான். நான் வாசலில் நிற்கிற பைப்பைச் சொன்னேன். இரண்டு பேருக்கும் வாயில் வந்தது ஒரே சொல். லெட்சுமி ஏதோ சொல்ல வந்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

மெசின் லொறியில் வந்தது. ரோட்டிலிருந்து லயத்துக்குப் படியிறக்கம். நான்கு பேர் சாமி தூக்குவது போலத் தூக்கி வந்தார்கள். லெட்சுமி குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். நான் என் பங்குக்குச் சிவப்பும் பச்சையும் கறுப்பும் ஒட்டினேன். ராமையா கட்டிலில் இருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ கூட்டம் வரல. பொண்ணு கொஞ்சம் குண்டா இருக்கு, பரவாயில்ல."

அந்த மாதங்கள் மழை மாதங்கள். பைப்பில் தண்ணீர் பாய்ந்து வந்தது. ஒரு நீளக் குழாயை வாசல் பைப்பில் மாட்டி மெசினுக்கு இழுத்திருந்தோம். மெசின் நிறைகிற வரை மற்றவர்கள் குடத்தோடு நிற்க வேண்டும். கடைசி வீட்டுச் செல்வி இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு, "என்னாக்கா, மெசின் தொரை குளிச்சு முடிச்சிட்டாரா? நாங்களும் ஒரு கொடம் புடிக்கலாமா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அது சிரிப்பு மட்டும் இல்லை என்று எனக்கு விளங்கவில்லை. லெட்சுமியின் விரல்கள் ஆறிவிட்டன. அதைப் பார்த்துப் பார்த்து நான் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

தைப்பொங்கல் முடிந்து பனி இறங்கியது. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. விடியற்காலையில் கொழுந்து நுனியெல்லாம் கருகிக் கிடந்தது. மேலே ஊற்றில் தண்ணீர் வற்றியது. காலையிலும் பின்னேரத்திலும் கொஞ்ச நேரம் மட்டும் திறந்துவிட்டார்கள். அதுவும் நூல் மாதிரி. லெட்சுமி ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள், "தண்ணி கொறைஞ்சா இதுக்கு ஒண்ணும் ஆகாதேக்கா?" நான், "அதெல்லாம் அது பாத்துக்கும்" என்றேன். ஹோட்டலில் அது பார்த்துக்கொண்டதா? இல்லை. ஹோட்டலில் கூரையில் டாங்கி இருந்தது. டாங்கிக்குத் தண்ணீர் ஏற்ற ஓர் ஆள் இருந்தார். அத்தனை வருசத்தில் அவரிடம் ஒரு வார்த்தை நான் பேசியதில்லை.

அந்த நாளைச் சொல்கிறேன்.

ராமையாவுக்கு வயிறு கெட்டுவிட்டது. இருந்த விரிப்பு, போர்வை, இரண்டு கம்பளி எல்லாம் நனைந்துவிட்டன. லெட்சுமி எல்லாவற்றையும் மெசினில் போட்டுச் சிவப்புப் பொட்டை அமுக்கினாள். மெசின் பாதித் தண்ணீர் குடித்தது. சவர்க்காரத்தைக் கரைத்தது. இரண்டு சுற்றுச் சுற்றியது. தண்ணீர் நின்றுவிட்டது. மெசின் கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே தண்ணீர் இருந்தால் அந்தக் கதவு திறக்காது. கண்ணாடிக்குள்ளே ராமையாவின் கம்பளி முகம் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டாக்டர் மாதிரி போனேன். சிவப்பை அமுக்கினேன், பச்சையை அமுக்கினேன். கறுப்பையும் அமுக்கினேன். அது கத்துவதை நிறுத்தவில்லை. சத்தம் கேட்டு லயமே கூடிவிட்டது.

இந்த இடத்தை நன்றாகக் கேளுங்கள். எனக்கு வழி தெரியும். மெசினுக்குக் கீழே ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் தண்ணீர் எல்லாம் வடிந்துவிடும், பிறகு கதவு திறக்கும். ஹோட்டலில் மெக்கானிக் செய்வதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் திறந்தால் அந்த அழுக்குத் தண்ணீர், நோயாளியின் தண்ணீர், நாற்றத்தோடு இஸ்தோப்பு முழுக்க ஓடும். அத்தனை பேர் பார்க்கிற இடத்தில், நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பங்களா மெசினிலிருந்து. லெட்சுமி வீட்டு மானம் போகக் கூடாது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். யாருடைய மானம் என்று இப்போது தெரியும்.

செல்வி தன் வீட்டிலிருந்து ஒரு கம்பளியை எடுத்து வந்தாள். நல்ல கனமான கம்பளி.

"அண்ணனுக்குப் போத்தி விடுங்கக்கா. மெசினப் பொறவு பாத்துக்கலாம்."

"வேணாம் செல்வி, வச்சுக்க. இப்பத் தொறந்துரும்."

"குளுருதுக்கா..."

"அதான் சொல்றேன்ல, இப்பத் தொறந்துரும்!"

அவள் கம்பளியை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். பிறகு போய்விட்டாள். அதற்குப் பிறகு வேறு யாரும் எதையும் கொண்டு வரவில்லை. லோன்றி அக்கா சொல்லிவிட்டால் மேலே பேச்சு ஏது?

நான் பிளக்கைக் கழற்றினேன், மாட்டினேன். கதவை இழுத்தேன். தண்ணீர் திரும்ப வரும் என்று பைப்பைப் பார்த்தேன். வெயில் மலைக்குப் பின்னால் போனது. எங்கள் ஊரில் வெயில் போனால் அடுத்த நிமிசமே குளிர் தரையிலிருந்து ஏறும். உள்ளே ராமையா ஒரு பழைய படங்கையும் இரண்டு உரச் சாக்கையும் போர்த்திக் கிடந்தார். முதலில், "மெசின் மொறைச்சுக்கிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பல் கிட்டித்தது. பிறகு பேச்சே இல்லை. நான் பேச்சு நின்றதைக் கவனிக்கவில்லை. மெசின் கத்துவது மட்டும்தான் என் காதில் இருந்தது.

லெட்சுமி உள்ளே போனவள் வெளியே வந்தாள். சத்தம் போடவில்லை.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவ்வளவுதான். என்னைத் தாண்டிப் போய்ச் செல்வி வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு நொடியில் கம்பளி வந்தது, சுடுதண்ணீர்ப் போத்தல் வந்தது, திரீவீலர் வந்தது. ராமையாவைச் சுருட்டிப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரியில் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று வார்ட்டில் நிறுத்திவிட்டார்கள். பிழைப்பாரா என்று இரண்டொரு நாள் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு நான் கீழ் மூடியைத் திறந்தேன். தண்ணீர் ஓடியது. நாறியது. யாரும் மூக்கைப் பொத்த அங்கே இல்லை. துடைத்துவிட்டு, அந்த விரிப்புகளை எடுத்துக்கொண்டு, மெலிந்து வடிந்துகொண்டிருந்த பீலிக்குப் போனேன். கை மரத்துப்போகும் வரை அலசினேன்.

அப்போதுதான் என்னை முதன்முதலில் லோன்றிக்கு எடுத்த சிங்கள மாத்தியா நினைவுக்கு வந்தார். நம்மிடம் பேசிப் பேசியே தமிழ் படித்த மனுசன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விருந்தாளியின் வெள்ளைச் சட்டையைச் சிவப்புத் துவாயோடு போட்டு ரோசா நிறமாக்கிவிட்டேன். சிங்க்கில் வைத்து அழுதுகொண்டு தேய்த்தேன். அவர் வந்து சட்டையைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார். "மருதாயி, சட்டைய விடு. சட்டைக்காரன் இப்ப என்னா போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கான்? மொதல்ல அத போய்ப் பாரு" என்றார். போய்ப் பார்த்தால் அந்த ஆள் துவாயைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போக முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாத்தியா தன்னுடைய சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்பினார். அந்தக் கதையை நான் உங்களில் எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சொல்லத் தெரிந்தது. செய்யத்தான் தெரியவில்லை.

ராமையா பிழைத்து வந்தார். முன்பு பேசியதில் பாதிதான் பேசினார். மூச்சு வாங்கியது. லெட்சுமி என்னை ஒரு சொல் சொல்லவில்லை. என் வாசலில் குடம் வைப்பதையும் நிறுத்தவில்லை. நான்தான் இனி வைக்க வேண்டாம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு என் தண்ணீரை நானே பிடிக்கப் போனேன். பைப்படியில் நான் போய் நின்றால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

லயத்துச் சுவர் மெல்லியது. லெட்சுமி மகனோடு பேசுவது எனக்குக் கேட்கும்.

"அப்பாவுக்கு லேசா சளிதாம்ப்பா. இப்ப நல்லா இருக்காரு. மெசினா? ஜோரா ஓடுது. பெரியம்மா பாத்துப் பாத்து வாங்கித் தந்ததாச்சே."

மெசின் இஸ்தோப்பில் துணி போட்டு மூடிக் கிடந்தது. அவள் விரலெல்லாம் திரும்ப வெடித்திருந்தது. என் பெயரைக் காப்பாற்றத்தான் இப்படிப் பொய் சொல்கிறாள் என்று நான் நினைத்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொள்வேன்.

சித்திரை வருசப் பிறப்புக்குச் சசி வருவதாகச் சொன்னான். மழை இன்னும் வரவில்லை. அவன் வருகிற அன்று காலை நான் கதவைத் திறந்தால், லயத்துப் பெண்கள் வரிசையாகக் குடம் சுமந்து போகிறார்கள். கீழே ஆற்றிலிருந்து. லயத்துக்குப் பின்னால் மண் திட்டில் ஒரு நீலப் பீப்பாயை ஏற்றி வைத்து அதில் ஊற்றுகிறார்கள். பீப்பாயிலிருந்து குழாய் இறங்கி மெசினுக்குப் போகிறது. தானாகத் தண்ணீர் எடுக்கிற மெசினுக்கு, குடம் குடமாகத் தண்ணீர்.

"என்னா செல்வி இது?"

"சசி மெசின் ஓடுறதப் பாக்கணும்னானாம். நீங்க ஒங்க பொட்டு பட்டன அமுக்குங்கக்கா, போதும். மத்தத நாங்க பாத்துக்குறோம்."

மேட்டில் ஏறும்போது அவர்களுக்கு மூச்சு இரைத்தது. சேலை எல்லாம் நனைந்திருந்தது. நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினேன். ஏறும்போது பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கினேன். எனக்காக, என் மானத்துக்காக, நான் கம்பளியைத் திருப்பி அனுப்பின அதே செல்வி தண்ணீர் சுமக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சசி வந்தான். வளர்ந்து, மீசை வைத்து, அப்பாவுக்குக் கட்டிக்கொள்ள ஒரு சாரமும் எனக்கு ஒரு சேலையும் கொண்டு வந்தான். வந்த கையோடு தன் சட்டையைக் கழற்றி மெசினில் போட்டான். நான் பொட்டை அமுக்கினேன். தண்ணீர் இறங்கியது. மெசின் சுற்றியது. சசி சின்னப் பிள்ளை மாதிரிக் குந்தி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தான்.

"அப்பா, பாத்தீங்களா! சும்மா எஞ்சின் மாதிரி ஓடுது. பேக்கரியில எல்லாருக்கிட்டயும் சொல்லிட்டேன், எங்கம்மா இனி பீலிக்குப் போறதில்லன்னு."

ராமையா சிரித்துத் தலையாட்டினார். லெட்சுமி கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "சசி, நிப்பாட்டுப்பா" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் நடந்ததை, கதவு பூட்டிக்கொண்டதை, கம்பளியைத் திருப்பி அனுப்பியதை, ஆஸ்பத்திரியை, இன்றைக்குக் காலையில் சுமந்த தண்ணீரை. சொல்லச் சொல்ல எனக்குப் பாரம் இறங்கியது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நன்றாக இருந்தது.

சசி எழும்பினான். "ஆஸ்பத்திரியா? சளின்னுதானே சொன்னீங்கம்மா?" அவன் அவள் கையைத் தலைப்பிலிருந்து வெளியே இழுத்துப் பார்த்தான். பிறகு அப்பாவிடம் போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்தான். மெசின் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

லெட்சுமி என்னை வெளியே கூட்டி வந்தாள். பைப்படியில் வைத்து, முதன்முதலாக என் முகத்துக்கு நேரே பேசினாள்.

"என்னாக்கா செஞ்சுட்டீங்க?"

"உண்மையச் சொன்னேன் லெட்சுமி. எனக்காக நீங்க எத்தன நாளைக்கு..."

"ஒங்களுக்காகவா?" அவள் குரல் உயரவில்லை. "ஒங்களுக்காகவா நாங்க ஆத்துல எறங்குனோம்னு நெனச்சீங்க? அந்தப் புள்ள நிம்மதியாத் திரும்பிப் போகணும்னுக்கா. இப்பத்தான் பேக்கரியில சம்பளம் கூட்டி அடுப்புல நிக்க வச்சிருக்காங்க அவன. அப்பன் சாகக் கெடந்தான்னு தெரிஞ்சா போவானா அவன்? அன்னைக்கும் ஒங்க மானம். இன்னைக்கும் ஒங்க மானம்தானாக்கா?"

பிள்ளைகளே, ஹோட்டலில் முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். விருந்தாளியிடம் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் தோலோடு போய்விடும். இது போகவில்லை. தப்பைச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். யாருடைய பாரத்தை இறக்கி யார் தலையில் வைக்கிறோம் என்று நான் பார்க்கவே இல்லை.

சசி திரும்பிப் போகவில்லை. ராமையா எவ்வளவோ ஏசிப் பார்த்தார். "நான் போறப்போ சொல்லி அனுப்புறேன்டா, நீ போ" என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேலி செய்தும் பார்த்தார். பேக்கரியில் அவன் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். இப்போது அகரபத்தனைப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் பூச்சி மருந்தடிக்கிறான். சாயங்காலம் வரும்போது கண் சிவந்திருக்கும். என்னைப் பார்த்தால், "சாப்பிட்டீங்களா பெரியம்மா" என்று கேட்பான். அந்தக் கேள்விக்கும் எனக்கு வாய் கூசும். மெசின், டாங்கி வைத்த ஒரு டவுன் வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே நன்றாக ஓடுகிறதாம்.

ஆகவே எந்த மெசின் நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள். கடைக்கும் கூப்பிடாதீர்கள். வேண்டுமானால் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். வந்து ஒரு நாள் முழுக்க இருந்து, உங்கள் வீட்டில் துவைக்கிறது யார், படுத்துக் கிடக்கிறது யார், பக்கத்து வீட்டில் குடத்தோடு காத்து நிற்கிறது யார் என்று பார்க்கிறேன். பிறகும் நான் எதையும் கை நீட்டிக் காட்ட மாட்டேன். உங்கள் வீட்டில் துவைக்கிற ஆள் முழங்கையைப் பிடித்து மெல்லிய குரலில் ஒன்று சொன்னால், அந்தக் குரலைக் கேளுங்கள்.

அந்தச் சித்திரைக்குப் பிறகு லெட்சுமி என்னோடு பேசவில்லை. மழை பிடித்து, மலை முழுக்க மூட்டம் போட்டு, பீலி திரும்பவும் இரைச்சல் போட ஆரம்பித்தது. ஒரு நாள் நான் என் துணியை அலசிக்கொண்டிருந்தேன். அவள் மேல் கல்லில் ராமையாவின் கம்பளியைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நனைந்த கம்பளியை ஒரு ஆளால் பிழிய முடியாது. சுற்றும் முற்றும் பார்த்தாள். எங்கள் இரண்டு பேரைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. கம்பளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து என் முன்னால் நின்றாள்.

"இந்த முனையப் புடிங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

நான் பிடித்தேன். அவள் ஒரு பக்கம் முறுக்கினாள், நான் மறு பக்கம் முறுக்கினேன். தண்ணீர் எங்கள் இரண்டு பேர் காலிலும் கொட்டியது. சொட்டு நிற்கும் வரை முறுக்கினோம். பிறகு அவள் என் கையிலிருந்து முனையை வாங்கிக்கொண்டு, படியேறி, தன் புருசனிடம் போனாள்.